தொலைந்த பொருள் பதிவேடு

பொது மேலாளர் ஆகப் பன்னிரண்டு வாரம்.
முதல் வாரம் கழிப்பறை.
எல்லோருக்கும் அதுதான் மேடம் என்றான் ரக்ஷித்,
என்னைவிடப் பதினான்கு வயது சின்னவன்.
என் மதிப்பெண் தாள் அவன் சட்டைப்பையில்.

பீன்யாவில் போல்ட் கம்பெனிக்குக் கணக்கு எழுதிய கை இது.
கம்பெனியைப் பூட்டிய நாளில்
நட்டுகளை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன், ஒன்று குறையாமல்.
இங்கே, தும்கூர் சாலையில் நெலமங்களா தாண்டி,
பதினாறு பம்பு, அறுபது மேசை,
லாரிக்காரர்கள் குளிக்க ஆறு அறை,
அணைக்கவே தெரியாத ஒரு பெயர்ப்பலகை.
எண்ணுவதற்கு நிறைய இருந்தது.

ஆறாம் வாரம், விடியற்காலை,
டீசல் தொட்டிக்குள் பித்தளைக் கோலை இறக்கினேன்.
நுனியில் பூசிய பசை சிவந்தால்
அடியில் தண்ணீர் என்று அர்த்தம்.
சிவக்கவில்லை.
சந்தோஷத்தில் வீட்டுக்குப் போன் போட்டேன்:
தண்ணீர் இல்லைங்க!
டேங்கருக்குச் சொல்லட்டுமா என்றார் அவர், பாதித் தூக்கத்தில்.

கையேடு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
டீசல் சிந்தினால் மணல், பக்கம் அறுபது.
சண்டை வந்தால் குரலைத் தாழ்த்து, எண்பத்தெட்டு.
சாம்பாரில் முடி, தொண்ணூறு:
முதலில் மன்னிப்பு, பிறகு முடி.

பதினோராம் வாரம் இரவுப் பொறுப்பு எனக்கு.
ரக்ஷித் காரில் தூங்கினான். அதுவும் தேர்வில் ஒரு பகுதியாம்.
இரண்டு நாற்பதுக்கு
ஹூப்ளி போகும் படுக்கைப் பேருந்து கிளம்பியது.
இரண்டு நாற்பத்து மூன்றுக்கு
கைகழுவும் இடத்திலிருந்து ஒருவர் வெளியே வந்தார்.
ஈரக் கை. லுங்கி.
காலில் யாருடையதோ செருப்பு.

பேருந்து நின்ற இடத்தைப் பார்த்தார்.
எண்ணெய்ச் சொட்டு மட்டும் அங்கே நின்றிருந்தது.
போன் படுக்கையில், பை படுக்கையில்,
மிளகாய் வாங்க வைத்திருந்த பணம் பைக்குள்.
கன்னடத்தில் ஆரம்பித்தவர்
என் சட்டையில் குத்தியிருந்த அங்கயற்கண்ணியை
மூன்று எழுத்துப் பிழையோடும் படித்துவிட்டுத்
தமிழுக்கு மாறினார்:
மாதேசன்ங்க. ஓசூர். வண்டி நீலமா இருக்கும்.
இந்த நேரத்துக்கு எல்லா வண்டியும் நீலம்தான் சார்.

பக்கம் புரட்டினேன்.
குழந்தை தொலைந்தால் உண்டு.
நாய் தொலைந்தால்கூட உண்டு.
ஆளை வைத்துவிட்டுப் பேருந்து தொலைந்தால்
ஒன்றும் இல்லை.

ஆகவே அந்தத் தடித்த பதிவேட்டை எடுத்தேன்.
பொருள்: ஒரு மனிதர்.
நிறம் என்ற கட்டத்தில் கோடு.
கண்டெடுத்த இடம்: மூன்றாவது குழாயடி.
உரிமையாளர்:
பேனா நின்றது.
எட்டிப் பார்த்தவர், என்னையே போடுங்க என்றார்.

கேமராவைப் பின்னோக்கி ஓட்டி நம்பர் எடுத்தேன்.
சுங்கச்சாவடிக்கு மூன்று தடவை அடித்தேன்.
நான்காவதில் எடுத்தவன் கொட்டாவியோடு
நிறுத்தி வைக்கிறேன் என்றான். நம்புவதா?
ஏழாம் பம்பில் கோலார்த் தக்காளி வண்டி.
ஓட்டுநருக்கு ஒரு காபி,
முந்நூறு ரூபாய் டீசல், என் கணக்கில்.
மாதேசன் ஏறும் முன் கையெழுத்துப் போட்டார்,
பொருளைப் பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில்.
கை இன்னும் காயவில்லை.
அவர் பெயர் பக்கத்து வரிக் குடைக்குள் ஊறியது.

விடிந்ததும் ரக்ஷித் பதிவேட்டைப் படித்தான், இரண்டு முறை.
மனிதரைப் பொருள் என்று எழுதியதற்கு
இரண்டு மதிப்பெண் கழித்தான்.
நேரம் குறித்திருந்ததற்கு ஒன்று கூட்டினான்.
முந்நூறு ரூபாயைப் பற்றிக் கேட்கவில்லை,
தரவும் இல்லை.

ஐந்தரைக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு குரல்:
ஏறிட்டேங்க. இந்தச் செருப்பு உங்க கடைப் பையனோடதா?

பதில் சொல்வதற்குள் சிக்னல் போனது.
கோலை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனேன்.
இன்று நுனி லேசாகச் சிவந்திருந்தது.
இதற்குப் பக்கம் உண்டு.
அறுபத்திரண்டு.